மார்பகப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கும் நாட்கள்: ஸ்கேன் அறையிலிருந்து பயாப்சி ரிப்போர்ட் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்கேன் எடுக்கும் மருத்துவர் கருவியை ஒரே இடத்திற்கு மூன்றாவது முறையாகக் கொண்டுவந்து, திரையில் படத்தை நிறுத்தி அளவெடுக்கத் தொடங்கும்போதே, படுத்திருக்கும் பெண்ணின் வயிற்றில் புளி கரைந்துவிடுகிறது. அந்த மருத்துவர் ஒன்றும் சொல்வதில்லை. 'உங்கள் டாக்டர் சொல்வார்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். மறுநாள் அந்த டாக்டர் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு, 'எதற்கும் ஒரு பயாப்சி, அதாவது சதைப் பரிசோதனை, செய்து பார்த்துவிடலாம்' என்கிறார். அந்த 'எதற்கும்' என்ற ஒரு சொல்லைச் சுமந்துகொண்டுதான் வீட்டுக்குப் பேருந்து ஏறுகிறோம்.

எனக்கு 43 வயதில் இடது மார்பில் கட்டி தட்டுப்பட்டபோது, ஊசி குத்திய நாளிலிருந்து முடிவு வர ஒன்பது நாட்கள் ஆயின. இரண்டு ஆண்டுகள் கழித்து என் நாத்தனாருக்கு அதே நிலை வந்தபோது உடன் இருந்தேன். எனக்கு வந்தது புற்றுநோய் அல்ல. அவருக்கு வந்தது புற்றுநோய்தான், சிகிச்சை முடிந்து இப்போது வேலைக்குச் சென்றுகொண்டிருக்கிறார். முடிவுகள் வெவ்வேறாக இருந்தாலும் காத்திருந்த நாட்கள் இருவருக்கும் ஒன்றுபோலவே இருந்தன. 'தெரியாது' என்ற இடத்தில் மனம் தானாகவே 'கெட்டது' என்று எழுதிவிடுகிறது. எழுதியதை அழிக்கவே பெரும்பாடு படுகிறோம். தெரியாததைத் தெரியாததாகவே வைத்திருக்க, அன்றாடம் செய்யக்கூடிய வேலைகள் சில இருக்கின்றன. அவற்றை வரிசையாகச் சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

இந்த அவதி மனப்பிரமை அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2009ஆம் ஆண்டு 'ரேடியாலஜி' என்னும் மருத்துவ இதழில் எல்விரா லாங் என்ற கதிரியக்க மருத்துவரும் அவருடன் பணியாற்றியோரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மார்பகப் பயாப்சி செய்துகொண்ட பெண்களின் உமிழ்நீரில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனை அளந்து பார்த்தபோது, ஐந்தாம் நாளிலும் முடிவு தெரியாமல் இருந்தவர்களின் அளவு, புற்றுநோய் உறுதியானவர்களின் அளவை ஒத்திருந்தது; புற்றுநோய் இல்லை என்று அறிந்தவர்களின் அளவிலிருந்து விலகியிருந்தது. ஆகவே 'இன்னும் ஒன்றுமே தெரியவில்லை, அதற்குள் ஏன் இப்படி?' என்று யாராவது கேட்டால், தெரியாததே காரணம் என்பதுதான் சரியான விடை.

படி 1: மருத்துவமனையிலிருந்து கிளம்பும் முன் நான்கு விவரங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்

எல்லையில்லாத காத்திருப்பே மிகவும் கொடியது. 'ரிப்போர்ட் வந்ததும் கூப்பிடுகிறோம்' என்ற பதிலோடு வீடு திரும்பினால், கைப்பேசி ஒலிக்கும் ஒவ்வொரு முறையும் நெஞ்சு அடைக்கும். எந்தத் தேதிக்குள் முடிவு வரும், அதை யார் சொல்வார், நேரிலா தொலைபேசியிலா, அந்தத் தேதியில் வராவிட்டால் எந்த எண்ணில் யாரைக் கேட்பது என்ற நான்கையும் ஒரு சிறு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மருத்துவர் அவசரத்தில் இருந்தால் செவிலியரிடமோ லேப் கவுன்டரிலோ கேட்கலாம். அவர்கள் 'ஒரு வாரம், பத்து நாள்' என்று சொன்னால் பத்தாம் நாளையே குறித்துக்கொள்ளுங்கள். ஏழாம் நாளைக் குறித்தால் மிச்ச மூன்று நாட்கள் வீண் கலக்கத்தில் கழியும். பொங்கல், தீபாவளி போன்ற தொடர் விடுமுறைகள் இடையில் வந்தால் அவற்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஐந்தாவதாக ஒன்றும் உண்டு. அதைக் கேட்பதற்குப் பதிலாகச் சொல்ல வேண்டும். நம் குடும்பங்களில் கெட்ட செய்தியாக இருந்தால் நோயாளிக்குத் தெரியக்கூடாது என்று கணவரோ அண்ணனோ மருத்துவரைத் தனியே சந்தித்துப் பேசுவது வழக்கமாக இருக்கிறது. அது அன்பினால் செய்யப்படுவதே. ஆயினும் அதன் விளைவாக, வீட்டில் ஒவ்வொருவர் முகத்தையும் ரிப்போர்ட்டாகப் படிக்கும் நிலைக்கு அந்தப் பெண் தள்ளப்படுகிறார். 'முடிவு எதுவானாலும் என்னிடமே சொல்லுங்கள், உடன் இன்னார் இருப்பார்' என்று பயாப்சிக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அறிய விரும்பாதவர்களும் இருக்கலாம், அதுவும் அவர்கள் உரிமைதான். ஆனால் அந்த முடிவை அவர்களே எடுக்க வேண்டும், அவர்களுக்காக வேறொருவர் எடுக்கக்கூடாது.

படி 2: கையில் இருக்கும் ரிப்போர்ட் உண்மையில் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே), அல்ட்ராசவுண்ட் ரிப்போர்ட்டுகளின் கடைசி வரிகளில் 'பை-ராட்ஸ்' என்ற சொல்லும் அருகே ஓர் எண்ணும் இருக்கும். அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரி வகுத்த இந்த வரிசை முறையை நம் ஊர் ஸ்கேன் மையங்களும் பின்பற்றுகின்றன. அந்த எண்ணைப் புற்றுநோயின் நிலையாகப் பலர் எண்ணி நடுங்குவதைக் கண்டிருக்கிறேன். பை-ராட்ஸ் 4 என்பது நான்காம் நிலைப் புற்றுநோய் அல்ல. இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. படத்தைப் பார்த்தவருக்கு எவ்வளவு சந்தேகம் இருக்கிறது என்பதை மட்டுமே அந்த எண் குறிக்கிறது.

பூஜ்யம் என்றால் இந்தப் படத்தைக் கொண்டு மட்டும் முடிவு சொல்ல முடியவில்லை, வேறு கோணத்தில் படமோ ஸ்கேனோ பழைய படங்களுடன் ஒப்பீடோ தேவை என்று பொருள். 1 என்பது இயல்பு. 2 என்பது தீங்கற்றது என்று தெளிவாகத் தெரிவது. 3 என்றால் புற்றுநோய்க்கான வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல் இல்லை. பெரும்பாலும் ஆறு மாதம் கழித்து மீண்டும் பார்க்கச் சொல்வார்கள். 4 என்ற எண்ணுக்குள்தான் பெரிய பரப்பு அடங்கியிருக்கிறது: 4ஏ என்றால் 2 முதல் 10 சதவீதம், 4பி என்றால் 10 முதல் 50, 4சி என்றால் 50 முதல் 95 வரை. 5 என்றால் 95 சதவீதமோ அதற்கு மேலோ. 6 என்பது ஏற்கெனவே பயாப்சியில் புற்றுநோய் உறுதியானவர்களுக்கு மட்டும் எழுதப்படுவது. வெறும் 4 என்று மட்டும் எழுதியிருந்தால், ஏ, பி, சி ஆகியவற்றில் எது என்று மருத்துவரிடம் கேளுங்கள். 4ஏ வந்த பத்துப் பெண்களை வரிசையாக நிறுத்தினால், அவர்களில் ஒன்பது பேருக்கோ அதற்கு மேலோ புற்றுநோய் இருக்காது. ஆயினும் அந்த ஒருவர் யார் என்று படத்தால் சொல்ல முடியாததால்தான் எல்லாரையும் ஊசிக்கு அனுப்புகிறார்கள்.

இணையத்தில் 'பயாப்சிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல' என்ற வாக்கியம் எங்கும் காணப்படும். அறிகுறி ஏதுமில்லாத பெண்களுக்கும் முறையாக மேமோகிராம் எடுக்கும் நாடுகளில் அது உண்மை. நம் ஊரில் கட்டி கையில் தட்டுப்பட்ட பிறகே பெரும்பாலோர் வருவதால், அந்த விகிதத்தை அப்படியே எடுத்து ஒட்டிக்கொள்வது சரியல்ல. உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் எண்ணும், உங்களைத் தொட்டுப் பரிசோதித்த மருத்துவரின் கருத்தும்தான் பொதுப் புள்ளிவிவரத்தைவிட உங்களுக்குப் பொருந்தும்.

'மார்பகம் அடர்த்தி சி' அல்லது 'டி' என்று எழுதியிருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். கொழுப்பைவிடச் சுரப்பித் திசுவும் நார்த் திசுவும் மிகுதி என்று பொருள். இளம் பெண்களிடம் இது மிகவும் சாதாரணம். மேமோகிராமில் அடர்த்தியான திசுவும் கட்டியும் ஒரே வெண்மையாகத் தெரிவதால்தான் கூடவே ஸ்கேனும் எடுக்கச் சொல்கிறார்கள்.

படி 3: ஊசி குத்தும் நாளுக்கு ஆயத்தமாகுங்கள்

மெல்லிய ஊசியால் செல்களை மட்டும் உறிஞ்சி எடுப்பது ஒரு முறை. அதன் முடிவு ஓரிரு நாளில் வந்துவிடும். ஆனால் அது தனித்தனிச் செல்களையே காட்டும். திசுவின் அமைப்பைக் காட்டாது. அதனால்தான் சற்றுத் தடித்த ஊசியால் நூலிழை போன்ற திசுத் துண்டுகளை எடுக்கும் 'கோர் பயாப்சி' இப்போது விரும்பப்படுகிறது. முதலாவது முறையில் பார்த்த பிறகு மீண்டும் கோர் பயாப்சிக்கு எழுதித் தந்தால், நோய் முற்றிவிட்டது என்று எண்ண வேண்டியதில்லை; முதல் முறையால் சொல்ல முடியாததை இரண்டாவது முறையால் சொல்ல முடியும் என்பதே காரணம்.

இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை உண்பவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும், தாமாக நிறுத்திவிடக்கூடாது. மரத்துப்போகும் ஊசி போடும்போது சில நொடி எரியும். அதன்பின் வலியைவிட அழுத்தமே தெரியும். ஒவ்வொரு துண்டு எடுக்கும்போதும் ஸ்டேப்ளர் அடிப்பது போன்ற 'டக்' என்ற ஒலி வரும். அந்த ஒலியைப் பற்றி முன்பே யாரும் சொல்லாததால் நான் திடுக்கிட்டேன், ஆகவே உங்களுக்குச் சொல்லி வைக்கிறேன். வீடு திரும்பியபின் துணியில் சுற்றிய பனிக்கட்டியை அவ்வப்போது ஒத்தடம் கொடுத்து, இறுக்கமான பிரா அணிந்து, ஓரிரு நாட்களுக்குக் குடம் தூக்குவதையும் மாவுப் பாத்திரம் இறக்குவதையும் பிறரிடம் விட்டுவிடுங்கள். வலிக்கு மருத்துவர் சொன்ன மாத்திரை போதும். ஆஸ்பிரினைத் தாமாக எடுத்துக்கொள்ளக்கூடாது. நீலம் பாரிப்பது இயல்பு, ஓரிரு வாரத்தில் மறையும். காய்ச்சல், பரவும் சிவப்பு, சீழ், நிற்காத இரத்தக் கசிவு, மூச்சுத் திணறல் ஆகியவற்றில் எது வந்தாலும் முடிவு நாளுக்காகக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பல இடங்களில் திசு இருக்கும் குப்பியை உறவினர் கையில் கொடுத்து லேபில் சேர்க்கச் சொல்கிறார்கள். குப்பியின் மேல் பெயர், வயது, ஓ.பி. எண், இடதா வலதா என்ற விவரம் ஆகியவை சரியாக எழுதப்பட்டிருக்கின்றனவா, துண்டுகள், திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் முழுவதும் மூழ்கியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, வேறெங்கும் நிற்காமல் நேராக லேபில் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். திரவம் போதாது என்று தண்ணீர் ஊற்றிவிடக்கூடாது. பின்னால் 'நம் சாம்பிள் மாறியிருக்குமோ' என்று நள்ளிரவில் எழும் சந்தேகத்துக்கு இந்த ஐந்து நிமிடக் கவனமே மருந்து.

படி 4: அந்த நாட்களில் லேபில் என்ன நடக்கிறது என்று அறிந்துகொள்ளுங்கள்

'ஒரு துண்டுச் சதையைப் பார்க்க ஒரு வாரமா?' என்று என் கணவர் கேட்டார். எனக்கும் அதே எண்ணம்தான். வேலையின் வரிசையைத் தெரிந்துகொண்ட பிறகு ஒவ்வொரு நாளுக்கும் ஒரு காரணம் இருப்பது புரிந்தது.

முதலில் திசு ஃபார்மலினில் ஊறி உறுதிப்பட வேண்டும். பின்னர் செய்யப்படும் ஹார்மோன் சோதனைகள் நம்பகமாக அமைவதற்கு 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மேற்படாமலும் ஊற வேண்டும் என்பது விதி. அடுத்து ஆல்கஹால் கரைசல்களில் நீரை வெளியேற்றி, சைலீனில் தெளிவாக்கி, உருகிய பாரஃபின் மெழுகை உள்ளே புகச் செய்கிறார்கள்; இது பெரும்பாலும் ஓர் இரவு முழுவதும் இயந்திரத்தில் நடக்கும். மெழுகுக் கட்டியாக உறைந்ததை ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 250இல் ஒரு பங்கு தடிமனுக்குச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, செல்களின் உட்கரு நீலமாகவும் மற்றவை இளஞ்சிவப்பாகவும் தெரியும்படி சாயமிடுகிறார்கள். அதன்பிறகே நோய்க்குறியியல் மருத்துவர் நுண்ணோக்கியில் பார்க்கத் தொடங்குகிறார். ஐயம் எழுந்தால் அதே மெழுகுக் கட்டியில் இன்னும் ஆழமாகச் சீவச் சொல்வார், கூடுதல் சாயங்களைக் கேட்பார், மற்றொரு மருத்துவரிடம் காட்டிக் கருத்துக் கேட்பார். இவை ஒவ்வொன்றும் ஒரு நாளையோ பல நாட்களையோ கூட்டும்.

எனவே 'தாமதமாகிறது, கெட்ட செய்தியாகத்தான் இருக்கும்' என்ற ஊகத்துக்கு அடிப்படையில்லை. தீங்கற்றதா இல்லையா என்று தெளிவாகச் சொல்ல முடியாத திசுக்களுக்கும், வெறுமனே லேபில் வேலை குவிந்திருப்பதற்கும், ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கும் அதே தாமதம் ஏற்படும். 'சீக்கிரமே வரச் சொல்லிவிட்டார்கள்' என்பதிலிருந்தும் எதையும் ஊகிக்க இயலாது. குறித்த தேதி கடந்துவிட்டால் ஊகிப்பதை விட்டு, நோட்டில் எழுதி வைத்த எண்ணை அழைத்து ரசீது எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது தொந்தரவு அல்ல. ரிப்போர்ட் தயாராகி யாரும் அழைக்காமல் கிடப்பதும் உண்டு.

படி 5: காதில் விழும் இரண்டு பயங்களுக்கு விடை வைத்திருங்கள்

முதலாவது, 'ஊசி குத்தினால் புற்று கலைந்து உடம்பெல்லாம் பரவிவிடும்' என்பது. என் நாத்தனாரை இந்த ஒரு வாக்கியம் நாற்பது நாட்கள் வீட்டிலேயே உட்கார வைத்தது. ஊசி சென்ற பாதையில் சில செல்கள் இடம்பெயர்வது மிக அரிதாக நடக்கலாம்; அதனால் உயிர் பிழைக்கும் வாய்ப்பு குறைவதில்லை என்பதே மருத்துவ உலகின் அனுபவம். மாறாக, எந்த வகைக் கட்டி என்று தெரியாமல் நேரடியாக அறுவைக்குச் செல்வதுதான் கேடு. மார்பகத்தைக் காக்க முடியுமா, மருந்தை முதலில் கொடுக்க வேண்டுமா என்பதெல்லாம் பயாப்சி முடிவைப் பொறுத்தே தீர்மானிக்கப்படுகின்றன. கட்டியின்மேல் பற்றுப் போடுவதும், எண்ணெய் தேய்த்து உருவிவிடுவதும் வேண்டாம்.

இரண்டாவது, 'காத்திருக்கும் இந்த நாட்களிலேயே முற்றிவிடுமோ' என்பது. மார்பகப் புற்றுநோய் பெரும்பாலும் கையில் தட்டுப்படும் அளவுக்கு வளர ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. முடிவுக்காகச் செல்லும் ஒன்றிரண்டு வாரங்களால் சிகிச்சையின் பலன் மாறுவதில்லை. மார்பகம் திடீரெனச் சிவந்து, சூடாகி, வீங்கி, தோல் ஆரஞ்சுப் பழத் தோலைப் போலக் குழி குழியாகத் தோன்றினால் மட்டும் உடனே மருத்துவரிடம் தெரிவித்து விரைவுபடுத்த வேண்டும். முடிவுக்காகக் காத்திருப்பது வேறு, பரிசோதனையையே மாதக்கணக்கில் தள்ளிப்போடுவது வேறு. பின்னதுதான் நம் பெண்களின் உயிரைக் குடிக்கிறது.

படி 6: மனத்துக்குக் கவலைப்பட ஒரு நேரமும், கைகளுக்கு ஒரு வேலையும் கொடுங்கள்

2016ஆம் ஆண்டு லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 45 பேரைக் கொண்டு ஒரு சோதனை நடந்தது. கணினித் திரையில் காணும் கல்லுக்கு அடியில் பாம்பு இருக்கிறதா என்று அவர்கள் ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் வலிக்கும்படி மின்னதிர்ச்சி கிடைக்கும். அதிர்ச்சி நிச்சயம் உண்டு என்று தெரிந்த நேரத்தைவிட, உண்டா இல்லையா என்பது சரிபாதியாக இருந்த நேரத்திலேயே அவர்களின் அழுத்தம் உச்சத்தைத் தொட்டது. மதில்மேல் பூனையாக இருப்பது கீழே விழுவதைவிடக் கடினம் என்று நம் முன்னோர் சொல்லாமல் விட்டதை இந்தச் சோதனை சொல்கிறது.

அமெரிக்காவில் கேட் ஸ்வீனி என்ற உளவியலாளர், கலிபோர்னியாவில் வழக்கறிஞர் தகுதித் தேர்வு எழுதி நான்கு மாதங்கள் முடிவுக்காகக் காத்திருந்தவர்களைத் தொடர்ந்து கவனித்தார். காத்திருப்பின் தொடக்கத்திலும் இறுதியிலும் தவிப்பு மிகுதியாகவும், இடையில் சற்றுத் தணிந்தும் இருந்தது. கவலையை அடக்குவதற்கு அவர்கள் கையாண்ட உத்திகள் பெரிதாகப் பலிக்கவில்லை. ஆனால் அவர் கண்ட இன்னொன்று எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது: காத்திருந்தபோது நன்றாகக் கவலைப்பட்டவர்களே, கெட்ட செய்தி வந்தபோது அதைச் சமாளிக்க அதிக ஆயத்தத்துடன் இருந்தனர், நல்ல செய்தி வந்தபோது அதிகம் மகிழ்ந்தனர். ஆகவே 'பாசிட்டிவாக நினை, கெட்டதை நினைத்தால் கெட்டதே நடக்கும்' என்று யாராவது கண்டித்தால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். குப்பிக்குள் இருக்கும் திசு உங்கள் எண்ணத்தைக் கேட்டு மாறப்போவதில்லை.

கவலையை விரட்ட முடியாதெனில் அதற்கு ஓர் இடம் ஒதுக்கலாம். மாலை ஐந்தரை மணி முதல் ஆறு மணி வரை என்று ஒரு நேரத்தை வைத்து, அப்போது நோட்டை எடுத்து மனத்தில் ஓடுவதையெல்லாம் எழுதுங்கள். பக்கத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் இன்று தெரிந்தவை, மறுபக்கம் முடிவு வந்தால்தான் தெரிபவை என்று எழுதுவது எனக்குப் பெரிதும் உதவியது. 'கட்டி 18 மில்லிமீட்டர்' என்பது முதல் பக்கம். 'கீமோ தாங்குவேனா, பிள்ளையின் பன்னிரண்டாம் வகுப்புப் படிப்பு என்னாகும்' என்பது மறுபக்கம். இடையில் வேறு நேரத்தில் அந்த எண்ணம் வந்தால், 'ஐந்தரைக்குப் பார்த்துக்கொள்ளலாம்' என்று அதனிடமே சொல்லுங்கள். முதல் இரண்டு நாட்கள் இது கேட்பதற்கே விளையாட்டுப்போலத் தோன்றும். மூன்றாம் நாள் முதல் ஓரளவு பிடிபடும்.

மீதி நேரத்துக்குக் கைகள் வேண்டும். தொலைக்காட்சி பார்ப்பது உதவாது, ஏனெனில் கண் அங்கே இருக்கும்போது மனம் இங்கே இருக்கும். கையும் கணக்கும் சேர்ந்து இயங்கும் வேலையில் ஈடுபட்டால் மனம் தன்னை மறக்கிறது. புள்ளி தவறாமல் போடும் சிக்குக் கோலம், எண்ணி எண்ணித் தொடுக்கும் மல்லிகைச் சரம், அளவெடுத்து வெட்டும் ரவிக்கைத் தையல், கணக்கு வழக்குகளைச் சரிபார்த்தல், தோட்டத்தில் பாத்தி கட்டுதல் எதுவானாலும் சரி, சற்றுக் கடினமாக இருக்க வேண்டும், முடிந்ததும் கண்ணால் காணக்கூடியதாக இருக்க வேண்டும். அந்த ஒன்பது நாட்களில் நான் வீட்டிலிருந்த பழைய புகைப்படங்கள் அனைத்தையும் ஆண்டுவாரியாக அடுக்கி முடித்தேன்.

இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் படுக்கையில் புரள வேண்டாம். எழுந்து மங்கலான வெளிச்சத்தில் அமர்ந்து, நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணிகிறது. கந்த சஷ்டி கவசமோ, ஜெபமோ, திக்ரோ, உங்களுக்குப் பழகியதை வாய்விட்டுச் சொல்வதிலும் இதே நீண்ட வெளிமூச்சு இருக்கிறது. அந்த நேரத்தில் கைப்பேசியை மட்டும் தொடாதீர்கள். இணையத்தில் தேடுவதற்குப் பகலில் இருபது நிமிடம் ஒதுக்கி, ரிப்போர்ட்டில் இருக்கும் சொல்லின் பொருளை மட்டும் தேடுங்கள். 'எத்தனை ஆண்டு வாழலாம்' என்று தேடாதீர்கள். எந்த நோய் என்றே தெரியாதபோது அந்தக் கேள்விக்கு வரும் எந்தப் பதிலும் உங்களைப் பற்றியதல்ல.

பல நாட்கள் தூக்கமே இல்லை, உணவு இறங்கவில்லை, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எழுகிறது என்றால் தனியாகப் போராட வேண்டாம். டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற சுகாதார உதவி எண்ணும் இருக்கிறது.

படி 7: யாரிடம் சொல்வது என்பதை நீங்களே தீர்மானியுங்கள்

எல்லாரிடமும் சொன்னால் ஒவ்வொருவரும் கேட்கும் 'ரிப்போர்ட் வந்துவிட்டதா?' என்ற கேள்வியே தனிச் சுமையாகும். யாரிடமும் சொல்லாவிட்டால் நடிக்க வேண்டியிருக்கும். இரண்டு அல்லது மூன்று பேர் போதும் என்பது என் கருத்து: மருத்துவமனைக்கு உடன் வருபவர் ஒருவர், அழுதால் அறிவுரை சொல்லாமல் அருகில் இருப்பவர் ஒருவர். மற்றவர்களுக்குத் தெரிந்துவிட்டால், 'ஒரு பரிசோதனை செய்திருக்கிறேன், அடுத்த வெள்ளிக்கிழமைதான் முடிவு. அதுவரை இதைப் பற்றிக் கேட்க வேண்டாம், வந்ததும் நானே சொல்கிறேன்' என்ற ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பேச்சை மாற்றுங்கள். மகளின் திருமணப் பேச்சு கெட்டுவிடும், கண் பட்டுவிட்டது, போன பிறவி வினை என்பன போன்ற பேச்சுகள் காதில் விழும். கட்டி வந்தது உங்கள் குற்றமில்லை என்பதை உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ள வேண்டிய நாட்கள் இவை.

வளர்ந்த பிள்ளைகள் வீட்டில் ஏதோ நடக்கிறது என்பதை எப்படியும் உணர்ந்துவிடுவார்கள். 'அம்மாவுக்கு ஒரு கட்டி இருக்கிறது, டாக்டர் அது என்னவென்று பார்க்கிறார், தெரிந்ததும் உன்னிடம் சொல்வேன்' என்ற அளவுக்கு உண்மையைச் சொல்வது, அவர்கள் கற்பனை செய்துகொள்வதைவிட இலேசானது. கணவருக்கு ஒரு சொல்: 'ஒன்றும் இருக்காது' என்று உறுதி கூறாதீர்கள். அது உங்களுக்கும் தெரியாது என்பது உங்கள் மனைவிக்குத் தெரியும். 'எதுவானாலும் நான் வருகிறேன்' என்பது உங்களால் காப்பாற்ற முடிந்த வாக்கு, அதைச் சொல்லுங்கள்.

படி 8: முடிவு நாளை முன்பே திட்டமிடுங்கள்

பல லேப்களில் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது, அல்லது கவுன்டரில் உறையாகக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். மருத்துவரைப் பார்ப்பதற்கு முன் திறப்பதா வேண்டாமா என்று அதற்கு முந்தைய நாளே முடிவு செய்யுங்கள். திறந்து படித்துவிட்டு, விளங்காத சொற்களோடு ஓர் இரவைக் கழிக்க முடியாது என்று தோன்றினால், அன்றே மருத்துவரைப் பார்க்கும்படி நேரம் வாங்கிக்கொண்டு, ஒட்டிய உறையோடு செல்லுங்கள். உடன் வருபவர் எழுதிக்கொள்ளட்டும். அதிர்ச்சியில் காது பாதியைத்தான் கேட்கும்.

முடிவு இரண்டே வகை என்று எண்ணிச் செல்லாதீர்கள். ஃபைப்ரோஅடினோமா என்ற தீங்கற்ற நார்க்கட்டி, நீர்க்கட்டி, கொழுப்புத் திசுச் சிதைவு, வீக்கம், சில வேளை காசநோய் என்று தீங்கற்றவையும் மருந்தால் தீர்பவையும் பல உண்டு. புற்றுநோய் அல்ல, ஆனால் எடுத்துப் பார்ப்பது நல்லது என்ற நடுவகையும் உண்டு. பால் நாளத்துக்குள் மருபோல வளரும் சில பாப்பிலோமாக்களும் இயல்பு மாறிய செல் பெருக்கமும் இதில் அடங்கும். போதுமான திசு கிடைக்கவில்லை, மீண்டும் எடுக்க வேண்டும் என்றும் வரலாம். புற்றுநோய் என்றால், பால் நாளத்துக்குள்ளேயே அடங்கியதா, வெளியே ஊடுருவியதா என்பது அடுத்த கேள்வி.

நல்ல முடிவு வந்தாலும் ஒரு கேள்வியைக் கேட்காமல் எழுந்திருக்காதீர்கள்: 'ஸ்கேனில் கண்டதும் பயாப்சியில் வந்ததும் ஒத்துப்போகின்றனவா?' படத்தில் பெரும் சந்தேகம் இருந்து, திசுவில் ஒன்றுமில்லை என்று வந்தால், ஊசி சரியான இடத்தில் பாய்ந்ததா என்று மருத்துவர் மறுபடி பார்க்க வேண்டும். ஒத்துப்போனால், அடுத்த ஸ்கேன் எப்போது என்று தேதி வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல முடிவு வந்த பின்னும் சில வாரங்கள் நடுக்கம் நீடிக்கும். எனக்கு நீடித்தது, யாரும் அதை எதிர்பார்க்கச் சொல்லவில்லை.

புற்றுநோய் என்று வந்தால் இன்னொரு காத்திருப்பு உடனே தொடங்கும். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் ஹார்மோன்களின் ஏற்பிகளும் ஹெர்2 என்ற புரதமும் கட்டியின் செல்களில் இருக்கின்றனவா என்று பார்க்கும் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்2 என்ற மூன்று சோதனைகளின் முடிவு அதே மெழுகுக் கட்டியிலிருந்து வர வேண்டும். ஹெர்2 முடிவு 2+, அதாவது உறுதியாகச் சொல்ல முடியாத நிலை, என்று வந்தால் ஃபிஷ் என்ற மரபணு மேல் சோதனைக்கும் நாட்கள் ஆகும். எந்த மருந்து பலிக்கும் என்பதை இவைதான் சொல்கின்றன என்பதால் இந்தத் தாமதம் சிகிச்சையின் ஒரு பகுதியே. இந்த இடைவெளியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையைத் தேடி எடுத்து, மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் என்னென்ன சிகிச்சை அடங்கும் என்று கேட்டு வைக்கலாம். அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை போன்ற இடங்களில் இரண்டாவது கருத்தும் கேட்கலாம். அதற்குப் பழைய படங்களும், லேபில் இருக்கும் தகடுகளும் மெழுகுக் கட்டியும் தேவைப்படும். அவற்றை எழுதிக் கொடுத்துப் பெற்றுக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு.

என் நாத்தனாரிடம் மருத்துவர் முடிவைச் சொன்னபோது அவர் சற்று நேரம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைப்பையிலிருந்து நோட்டை எடுத்து, 'ஹெர்2 முடிவு எந்தக் கிழமை வரும், யாரைக் கேட்க வேண்டும்?' என்று கேட்டு எழுதிக்கொண்டார்.